பூஞ்சையை வீட்டிலேயே வளர்த்துப் பார்ப்பது எப்படி?

பூஞ்சையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வகைப்பாட்டுப் பெயர்களில் சிக்கிக்கொள்கிறார்கள். ஆஸ்கோமைசீட்ஸ், பசிடியோமைசீட்ஸ் என்று மனப்பாடம் செய்வதற்குள் ஆர்வமே வடிந்துவிடும். என் யோசனை வேறு. ஒரு பாக்கெட் பிரெட், கடையில் வாங்கிய ஒரு பெட்டி காளான், ஒரு கட்டு வைக்கோல், ஒரு கைலென்ஸ் இருந்தால் போதும். பூஞ்சை எப்படித் தின்கிறது, எப்படிப் பரவுகிறது, எப்படி இனம் பெருக்குகிறது என்பதை ஒன்றரை மாதத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். பெயர்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

ஆஸ்துமா இருப்பவர்களும், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் கீழே உள்ள பிரெட் வேலையைச் செய்ய வேண்டாம். ஏன் என்பதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

பூஞ்சை செடி அல்ல. அதற்குப் பச்சையம் கிடையாது, சூரிய ஒளியிலிருந்து உணவு செய்யத் தெரியாது. ஆனாலும் வெகுகாலம் தாவரவியல் பாடத்தில்தான் அதற்கு இடம் கொடுத்திருந்தார்கள். 1969ல் அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது பூஞ்சைக்கென்று தனி உலகம் ஒதுக்கினார். அதன் செல்சுவரில் இருப்பது கைட்டின். இறால் ஓட்டிலும் வண்டின் முதுகிலும் இருக்கிற அதே பொருள். மிச்சச் சக்தியை அது சேமிப்பது கிளைக்கோஜனாக, நம் கல்லீரல் செய்வது போலவே. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதும் பூஞ்சை செடிகளைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. பூஞ்சை நோய்க்கு மருந்து செய்பவர்களுக்கு இந்தச் சொந்தம் பெரிய தலைவலி. அதைக் கொல்லும் மருந்து நம் செல்லைத் தொடாமல் இருக்க வேண்டுமே.

இன்னொன்றையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குடைபோல நிற்கும் காளான் பூஞ்சையின் முழு உடல் அல்ல. ஸ்போர்களை, அதாவது விதை போலப் பரவி முளைக்கும் நுண்துகள்களை, உதிர்ப்பதற்காகச் சில நாள் மட்டும் வெளியே தலைகாட்டும் உறுப்பு அது. உடல் என்பது மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ ஓடும் இழைகள். ஓர் இழையின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். கிளைவிட்டுப் பின்னிக்கொண்ட அந்த இழைவலைக்கு மைசீலியம் என்று பெயர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் காட்டில் ஆர்மில்லேரியா இனத்துப் பூஞ்சை ஒன்று ஏறக்குறைய 9 சதுர கிலோமீட்டருக்கு மண்ணடியில் பரந்து கிடக்கிறது. அவ்வளவும் ஒரே உயிர் என்று மரபணுச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். மேலே நடந்து போகிறவருக்குத் தெரிவதெல்லாம் செத்துக்கொண்டிருக்கும் மரங்களும், பருவத்தில் முளைக்கும் கொஞ்சம் காளான்களும்தான்.

இந்த இழைவலை கண்ணுக்குப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் எளிது. கீழே உள்ள வேலைகள் எல்லாம் அதைப் பழக்குவதற்குத்தான்.

முதல் வேலை: பிரெட்

பிரெட் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். கால்சியம் புரோப்பியனேட் என்றோ 282 என்ற எண்ணோ இருந்தால் அது பூஞ்சைத் தடுப்பான். அந்த பிரெட்டில் நீங்கள் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். தெரு முனைப் பேக்கரியில் அன்றன்று சுட்டு விற்கும் பிரெட் நல்லது.

ஒரு துண்டை எடுத்து ஜன்னல் விளிம்புத் தூசியில் லேசாகத் தொட்டு எடுங்கள். சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள், ஊற வேண்டாம். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, கொஞ்சம் காற்று உள்ளே இருக்கும்படி மூடி, வாயில் செலோடேப் ஒட்டிவிடுங்கள். இனி அந்தப் பையைத் திறக்கவே கூடாது. பார்ப்பதெல்லாம் பைக்கு வெளியிலிருந்துதான். வெயில் படாத அலமாரி ஒன்றில் வைத்துவிட்டுத் தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம் எடுங்கள்.

நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் வெள்ளைப் பஞ்சு போல ஒன்று தெரியும். அதுதான் மைசீலியம். கைலென்ஸில் பார்த்தால் தனித்தனி இழைகள் தெரியும். ஒவ்வோர் இழையும் நுனியில்தான் வளர்கிறது. வளரும் நுனி நொதிகளை வெளியே கசியவிடுகிறது. அந்த நொதி பிரெட்டின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க, இழை அதை உறிஞ்சிக்கொள்கிறது. நாம் தின்றுவிட்டுச் செரிக்கிறோம், பூஞ்சை செரித்துவிட்டுத் தின்கிறது. அதற்கு ஈரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இங்கே விளங்கிவிடும். தண்ணீர் இல்லாமல் நொதி நகராது, கரைந்த சர்க்கரையும் இழைக்குள் போகாது. வற்றலும் கருவாடும் கெடாமல் இருப்பது இதனால்தான்.

அடுத்த ஓரிரு நாளில் பஞ்சின் மேல் குண்டூசித் தலை போலக் கருப்புப் புள்ளிகள் வந்தால் அது பெரும்பாலும் ரைசோபஸ். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பை, உள்ளே ஆயிரக்கணக்கில் ஸ்போர்கள். பை வெடித்தால் ஸ்போர் காற்றில் போகும், ஈரமான உணவில் விழுந்தால் முளைக்கும். இது பாலிலாப் பெருக்கம். துணை தேவையில்லை, பிறப்பதெல்லாம் தாயின் நகல். ரைசோபஸுக்குப் பாலினப் பெருக்கமும் உண்டு. அதற்கு ஒத்துப்போகும் இரண்டு வகை இழைகள் சந்திக்க வேண்டும். அமெரிக்கத் தாவரவியலாளர் பிளேக்ஸ்லீ 1904ல் இதைக் கண்டுபிடித்தார். பிளஸ், மைனஸ் என்று அவற்றுக்குப் பெயர். உங்கள் பையில் இரண்டும் ஒன்றாக வந்து விழுவது அபூர்வம்.

பச்சை அல்லது நீலப்பச்சைத் திட்டு வந்தால் பெனிசிலியமாக இருக்கலாம். 1928ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் தட்டில் வந்து விழுந்து பாக்டீரியாவை அழித்த கூட்டம் அது. மஞ்சள் கலந்த பச்சை என்றால் ஆஸ்பர்ஜில்லஸ் மேல் சந்தேகப்படலாம். அதில் ஒரு வகை நிலக்கடலையிலும் கொப்பரையிலும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். 1960ல் இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கு. நஞ்சைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. பூஞ்சை பிடித்த கடலையைக் கழுவி வறுத்துச் சட்னி அரைக்கிற சிக்கனம் வேண்டாம். பிரெட்டில் பச்சையாக இருக்கும் இடத்தை மட்டும் கிள்ளிவிட்டுத் தின்பதும் அப்படித்தான். நிறம் தெரிகிற இடம் ஸ்போர் வந்த இடம். இழை அதைத் தாண்டி எப்போதோ போயிருக்கும்.

பையைத் திறக்கக் கூடாது என்றதற்கும், சிலர் இந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்றதற்கும் காரணம் இந்த ஸ்போர்கள். 2021ல் கொரோனாவோடு சேர்ந்து வந்த ‘கருப்புப் பூஞ்சை’ ஞாபகம் இருக்கும். அந்த மியூகார்மைகோசிஸ் நோயை உண்டாக்குவது ரைசோபஸும் அதன் உறவினர்களும்தான். சர்க்கரை ஏறிய, ஸ்டீராய்டு எடுத்த உடல்களில் அது புகுந்தது. ஆரோக்கியமானவர் தினமும் இந்த ஸ்போர்களைச் சுவாசித்துக்கொண்டே ஒன்றும் ஆகாமல் இருக்கிறார். கருப்பு என்பதும் பூஞ்சையின் நிறமல்ல, ரத்த ஓட்டம் நின்று செத்துப்போன சதையின் நிறம். சரி, ஒரு வாரம் பார்த்த பிறகு பையை அப்படியே இன்னொரு கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது: ஈஸ்ட்

இது அரை மணி நேர வேலை. ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உலர் ஈஸ்ட் போட்டுக் கலக்கி, வாயில் பலூன் மாட்டுங்கள். பலூன் மெல்ல நிமிரும். ஈஸ்ட்டும் பூஞ்சைதான், ஆனால் பேக்கரி ஈஸ்ட் இழை விடுவதில்லை. ஒற்றைச் செல்லாக இருந்து, பக்கத்தில் மொட்டு விட்டு, அந்த மொட்டு பிரிந்து இன்னொரு ஈஸ்ட் ஆகிறது. சர்க்கரையை உடைத்து ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் விடுகிறது. பனையில் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அந்த வித்தியாசத்துக்குக் காரணமானவர்களில் ஈஸ்ட் முக்கியமானது. இட்லி மாவு பொங்குவதற்கும் ஈஸ்ட்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே பெரும்பங்கு பாக்டீரியாவுடையது.

மூன்றாவது: ஸ்போர் அச்சு

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. செலவு ஒன்றுமில்லை, கிடைப்பதோ ஒரு படம் வரைந்தது போன்ற அச்சு.

கடைக் காளானில் சிப்பிக் காளான் இதற்கு ஏற்றது. மொட்டுக் காளானில் தொப்பியின் அடிப்பக்கம் ஒரு தோலால் மூடியிருக்கும், ஸ்போர் விழாது. அதுதான் கிடைக்கிறது என்றால் நன்கு மலர்ந்து, அடியில் பழுப்பு மடிப்புகள் தெரிகிற ஒன்றைப் பொறுக்குங்கள். காளான் எவ்வளவு புதிதோ அவ்வளவு நல்லது.

காம்பைத் தொப்பியோடு ஒட்டி வெட்டுங்கள். பாதி கருப்பும் பாதி வெள்ளையுமாக ஒட்டிய தாளில் மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். வெள்ளை ஸ்போர் கருப்பில் தெரியும், கருத்த ஸ்போர் வெள்ளையில் தெரியும், அதற்காகத்தான் இரண்டு நிறம். தொப்பி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, டம்ளரைக் கவிழ்த்து மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் தொப்பியை நேராக மேலே தூக்குங்கள், இழுத்தால் அச்சு கலைந்துவிடும். சிப்பிக் காளான் என்றால் வெள்ளையாகவோ லேசான ஊதா கலந்த சாம்பலாகவோ கோடு கோடாக விழுந்திருக்கும். மொட்டுக் காளான் சாக்லேட் பழுப்பு. வைக்கோல் காளான் இளஞ்சிவப்பு.

ஒவ்வொரு கோடும் ஒரு மடிப்பின் இரு பக்கத்திலிருந்தும் விழுந்தது. மடிப்பின் மேற்பரப்பெங்கும் பசிடியம் என்ற நுண்ணிய கதாயுத வடிவச் செல்கள். பெரும்பாலான காளான்களில் ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு ஸ்போர். கடை மொட்டுக் காளானில் பெரும்பாலும் இரண்டுதான். முதிர்ந்த ஸ்போரின் அடியில் ஒரு நீர்த்துளி திரண்டு, சட்டென ஸ்போரின் உடம்போடு கலக்கும்போது ஸ்போர் பக்கவாட்டில் எகிறுகிறது. எகிறுவது மிகமிகக் குறைந்த தூரம். எதிர் மடிப்பில் முட்டாமல், நடு இடைவெளிக்கு வந்து நேராகக் கீழே விழுந்து, அடியில் காற்று இருந்தால் பறந்துவிடும். இந்த அளவு ஒரு துளி பிசகினால் எல்லா ஸ்போரும் மடிப்புக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புல்லர் என்ற ஆய்வாளர் இதை நுணுகிப் பார்த்ததால் அந்தத் துளிக்குப் புல்லர் துளி என்றே பெயர்.

ஸ்போர் விழுந்த பிறகு நடப்பதுதான் விசித்திரம். அது முளைத்து வரும் இழையின் செல்லில் ஒரே ஓர் உட்கரு. இன்னொரு பொருத்தமான இழையைச் சந்தித்தால் இரண்டும் இணைகின்றன, ஆனால் உட்கருக்கள் இணைவதில்லை. ஒரே செல்லுக்குள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாகவே இருந்து, செல் பிரியும்போது சேர்ந்து பிரிந்து, மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ வாழ்கின்றன. காளான் முளைத்து, பசிடியம் உருவாகும்போதுதான் அவை ஒன்றாகின்றன. ஒன்றான உடனே, குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பிரிவு நடந்து ஸ்போர்களாகப் போய்விடுகின்றன. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையில் ஓர் ஆயுளையே வைத்திருக்கும் உயிர்.

ஆண், பெண் என்பதும் இங்கே இல்லை, பொருந்தும் வகை, பொருந்தா வகை என்றுதான். காய்ந்த கிளைகளில் விசிறி போலச் சாம்பல் வெள்ளையாக முளைக்கும் ஸ்கைசோஃபில்லம் என்ற சிறு காளானில் இப்படிப்பட்ட வகைகள் 20,000க்கும் மேல். வெட்டிப் போட்ட மாங்கிளையைத் திருப்பிப் பாருங்கள், அகப்படலாம். அடியில் மடிப்புகள் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தால் அதுதான்.

நான்காவது: சிப்பிக் காளான் படுக்கை

இதுவரை துண்டு துண்டாகப் பார்த்ததை முழு வாழ்க்கையாகப் பார்க்க ஒரு படுக்கை போடுங்கள். விற்பனை லாபக் கணக்கை எல்லாம் இப்போதைக்கு மறந்துவிடலாம். ஒரே ஒரு படுக்கை போதும்.

காளான் வித்து கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்கள் பலவற்றிலும், தனியார் வித்துக் கூடங்களிலும் கிடைக்கும். அதில் இருப்பது ஸ்போர் அல்ல. வேகவைத்த சோளத்தின் மேல் வளர்த்த மைசீலியம். சோள மணிகள் வெள்ளையாகப் பின்னிக் கிடக்க வேண்டும். பச்சை, கருப்புப் புள்ளியோ புளித்த நாற்றமோ இருந்தால் வாங்காதீர்கள்.

மழையில் நனையாத, புது நெல் வைக்கோலை 3 முதல் 5 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, சுமார் 5 மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு கொதிக்கும் நிலைக்குக் கொஞ்சம் கீழே, 80 டிகிரி செல்சியஸில், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவையுங்கள். வைக்கோலில் ஏற்கனவே குடியிருக்கும் மற்ற பூஞ்சைகளை ஒடுக்கிவிட்டு, நம் காளானுக்கு முதல் இடம் பிடித்துக்கொடுப்பதற்காகத்தான் இது. வேகவைப்பதில் சோம்பல்பட்டால் அது சில நாளிலேயே படுக்கையில் பச்சையாகத் தெரிந்துவிடும்.

வெந்த வைக்கோலைச் சுத்தமான விரிப்பில் நிழலில் உலர்த்துங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, கையில் ஈரம் மட்டும் படவேண்டும். புதியவர்கள் அதிகம் தோற்பது இங்கேதான். ஈரம் கூடினால் இழைக்குக் காற்று இல்லாமல் பாக்டீரியா புகுந்து நாறும். குறைந்தால் இழை நகராது.

இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள பாலித்தீன் பையின் நடுவில் இரு பக்கமும் ஒவ்வொரு துளை போட்டு, அடியைக் கட்டுங்கள். நான்கு விரல் உயரம் வைக்கோல், ஓரத்தைச் சுற்றி ஒரு கைப்பிடிக்குக் குறைவாக வித்து, மறுபடி வைக்கோல் என்று நான்கைந்து அடுக்கு. அழுத்தி நிரப்பி வாயைக் கட்டிவிடுங்கள். வேலைக்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், மின்விசிறியை நிறுத்துவதும் அவசியம்.

25 டிகிரியை ஒட்டிய வெப்பமுள்ள, இருட்டான அறையில் தொங்கவிடுங்கள். சென்னை, மதுரையில் மே மாதம் இதைத் தொடங்க வேண்டாம். வெயில் பகுதிகளில் கோடைக்குப் பால் காளான்தான் சரி, அது இன்னும் அதிக வெப்பத்தைத் தாங்கும். 15 முதல் 20 நாளில் வெள்ளை இழை ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் கிளம்பி ஒன்றையொன்று தொட்டு, பை முழுக்க வெள்ளையாகிவிடும். பிரெட்டில் பார்த்த அதே காட்சி, இந்த முறை பிரெட்டுக்குப் பதிலாக வைக்கோலின் செல்லுலோஸும் லிக்னினும் உணவு. பசுவின் வயிற்றுக்கே முழுதாக மசியாத லிக்னினை இந்த இழை உடைத்துவிடுகிறது. பச்சைத் திட்டு தெரிந்தால் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சை வந்துவிட்டது என்று அர்த்தம். வயலில் வேரழுகலைத் தடுக்க விவசாயிகள் காசு கொடுத்து வாங்கிப் போடுவதும் இதன் இனத்தைத்தான். மற்ற பூஞ்சைகளைத் தாக்குவது அதன் குணம், காளானுக்கு மட்டும் விலக்கா கொடுக்கும்? அந்தப் பையை மற்றவற்றிலிருந்து தூரமாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள்.

முழுக்க வெளுத்ததும் பையைக் கிழித்து எடுத்து, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள, ஈரமான இடத்துக்கு மாற்றுங்கள். தினம் இரண்டு மூன்று முறை கைத்தெளிப்பானால் பனி போலத் தண்ணீர். இருட்டில் உணவைத் தின்று வளர்ந்த இழைக்கு வெளிச்சமும் புதுக் காற்றும் படுவது, மேற்பரப்புக்கு வந்துவிட்டோம், இங்கே ஸ்போர் விட்டால் பறக்கும் என்பதற்கான அடையாளம். சில நாளில் குண்டூசி மொட்டுகள் வரும், அடுத்த மூன்று நாளில் அறுவடை அளவுக்குப் பெருத்துவிடும். காம்பு நீண்டு தொப்பி சிறுத்தால் அறையில் கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கிறது, ஜன்னலைத் திறங்கள்.

தொப்பியின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே திருகிப் பறியுங்கள். ஓரம் மேலே சுருண்டால் ஸ்போர் கொட்டத் தொடங்கிவிடும். மூடிய அறையில் அது தொடர்ந்து மூக்கில் ஏறினால் இருமலும் ஒவ்வாமையும் வரும். ஒரு காளானை மட்டும் வேண்டுமென்றே முதிரவிட்டு, இருட்டில் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடியிலிருந்து புகை போல ஸ்போர் வடிவது தெரியும். பறித்த இடத்தைச் சுரண்டிவிட்டுத் தண்ணீர் தெளித்துவந்தால் வாரம் பத்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை வரும். அதற்குப் பிறகு வைக்கோலில் சத்து இல்லை, உரக்குழிக்குப் போகட்டும்.

வெளியே தேடும்போது

இப்போது கண் பழகியிருக்கும். மழைக்காலத்தில் வெளியே போகலாம். பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டிய சாம்பல், ஆரஞ்சுத் திட்டுகள் லைக்கன்கள். பூஞ்சை வீடு கொடுக்க, உள்ளே பாசி உணவு சமைக்கிறது. செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசி அப்படி ஒரு லைக்கன்தான், மசாலா டப்பாவிலிருந்து ஒரு துண்டு எடுத்து லென்ஸில் பாருங்கள். கறையான் புற்றில் முளைக்கும் புற்றுக் காளானின் காம்பு வேர் போல நீண்டு உள்ளே போகும். அடியில் கறையான்கள் அந்தப் பூஞ்சையைத் தோட்டம் போட்டு வளர்க்கின்றன. நம் வைக்கோல் படுக்கையில் அது வராது.

மலைப்பக்கம் போனால் காப்பி இலையைத் திருப்பிப் பாருங்கள். ஆரஞ்சுத் தூள் விரலில் ஒட்டினால் அது காப்பித் துரு, முழுக்க ஸ்போர். 1869ல் இலங்கையில் கண்டறியப்பட்ட இந்தப் பூஞ்சை இருபது வருடத்துக்குள் அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களை அழித்தது. தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறினார்கள். காப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துப் போகப்பட்ட கூலிக் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றைக்குத் தேயிலை கிள்ளுவது அதனால்தான். மழையும் காற்றும் ஸ்போரை இலைக்கு இலை கொண்டுபோகின்றன என்று ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்டு 1880களின் தொடக்கத்திலேயே காட்டினார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

வெளியே கண்டதைச் சமைக்காதீர்கள். பூச்சி கடித்திருந்தால் நல்லது, வெள்ளிக்காசு கருக்காவிட்டால் நல்லது என்ற சோதனைகள் எதுவும் செல்லாது. அமனிட்டா இனத்தின் சில காளான்களில் உள்ள நஞ்சு வேகவைத்தாலும் போவதில்லை. வாந்தி தொடங்கவே அரை நாள் ஆகலாம், அதற்குள் கல்லீரலில் வேலை ஆரம்பித்திருக்கும். புல்வெளியில் பெரிய வெள்ளைக் குடைகளாக, மேலே பழுப்புச் செதில்களோடு வருகிற ஒன்றின் ஸ்போர் அச்சு பச்சையாக விழும். பார்க்க அழகு, தின்றால் கடுமையான வாந்தி பேதி.

அடையாளம் காணப் படம் எடுப்பதென்றால் மேலிருந்து ஒன்று, மடிப்பு தெரிய அடியிலிருந்து ஒன்று, அது முளைத்திருக்கும் மரத்தையோ மண்ணையோ சேர்த்து ஒன்று. கூடவே ஓர் ஸ்போர் அச்சு. காம்பை ஒடித்து எடுக்காமல் கத்தியால் மண்ணோடு தோண்டி எடுங்கள். அமனிட்டாவைக் காட்டிக்கொடுக்கும் கிண்ணம் போன்ற உறை பெரும்பாலும் மண்ணுக்குள்தான் இருக்கும். பிறகு கையைக் கழுவிவிடுங்கள்.